என் மைத்துனனின் நான்கு முன்பற்கள்

சாப்பிட்டுக்கொண்டே படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் இதை மூடி வைத்துவிட்டுக் கை கழுவிய பிறகு வரவும். நான் எழுதப்போவது ஒரு வாயைப் பற்றி. என் மனைவியின் தம்பியுடைய வாய். முப்பது வருஷமாக என் பட்டறையில் என் கண்ணெதிரே திறந்து மூடிய வாய்.

முதலில் என்னைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்பு தாண்டாதவன் நான். ஒரு ஊசி, ஒரு சுத்தியல், இரவல் வாங்கிய ஒரு கத்தரிக்கோல், இவ்வளவுதான் என் முதல். இன்று இந்த நகரத்தில் நல்ல வீடு என்று சொல்லத்தக்க எந்த வீட்டுக்குள் போனாலும் நீங்கள் சாய்ந்து உட்காருவது நான் மெத்தை அடித்த நாற்காலியில்தான். நீதிபதிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு மந்திரி உட்கார்ந்து தூங்கியே போனார். என் வாயையும் சொல்லவேண்டும்: எழுபதைத் தாண்டியும் கொட்டைப்பாக்கைக் கடைவாயில் வைத்து உடைப்பேன். பார்க்க விரும்புகிறவர்கள் பட்டறைக்கு வரலாம்.

மைத்துனன் மீசை முளைக்காத வயதில் என்னிடம் வந்தான். 'தம்பிக்குப் படிப்பு ஏறலைங்க, நீங்கதான் ஆளாக்கணும்' என்று மனைவி கொண்டுவந்து விட்டாள். ஆளாக்கினேன். வேலை கற்றுக்கொள்வதில் புலி. அதை நான் மறுக்கமாட்டேன்.

நாற்காலிக்குத் துணி அடிப்பவனுக்கு இரண்டு கை போதாது. இடது கை துணியை இழுத்துப் பிடிக்கவேண்டும், வலது கையில் சுத்தியல். ஆணியை யார் எடுத்துக் கொடுப்பது? வாய்தான் கொடுக்கும். தட்டைத் தலை வைத்த குட்டி ஆணிகளை ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். நாக்கால் ஒவ்வொன்றாகப் புரட்டி, தலை வெளியே தெரியும்படி முன்பல்லுக்கு நடுவில் நிறுத்தவேண்டும். சுத்தியலின் ஒரு முகம் காந்தம். உதட்டருகே கொண்டுபோனால் ஆணி டக்கென்று வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு தட்டில் ஆணி நிற்கும், சுத்தியலைத் திருப்பி இன்னொரு தட்டுத் தட்டினால் இறங்கிவிடும். நானும் அப்படித்தான் அடித்தேன். ஆனால் வேலை முடிந்ததும் குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்துக் காறித் துப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பேன்.

இவன் அப்படிச் செய்யவில்லை. இவனுக்கு இரும்பின் ருசி பிடிக்காது. ஆகவே ஆணியோடு ஒரு மிட்டாயையும் வாயில் போட்டுக்கொள்வான். வலது கன்னத்தில் மிட்டாய், இடது கன்னத்தில் ஆணி. காலையில் பட்டறைக் கதவு திறந்ததிலிருந்து சாயங்காலம் சாத்துகிறவரை அந்த வாயில் சர்க்கரைப் பாகும் துருவும் எச்சிலும் சேர்ந்து ஊறிக்கொண்டே இருக்கும். டீ குடிக்கும்போதும் ஆணியைத் துப்பமாட்டான், கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டு அதன் மேலேயே உறிஞ்சுவான். பட்டறையில் அவனுக்கு வைத்த பெயர் ஆணிவாயன். அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

வருஷங்கள் போகப் போக அந்த வாய் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். முன்பற்களின் ஓரத்தில் ஆணி நின்று நின்று ரம்பம் மாதிரிக் குழி விழுந்தது. அந்தக் குழியில் கறுப்பு இறங்கியது. கறுப்பைச் சுற்றிப் பழுப்பு, பழுப்பைச் சுற்றி மஞ்சள், ஈறோரத்தில் எப்போதும் வெள்ளையாக ஏதோ ஒரு மாவு. அவன் பேச வந்தால் எதிரில் இருப்பவன் எதையோ தேடுவதுபோல் தலையைத் திருப்பிக்கொள்வான். செத்த எலியைச் சர்க்கரையில் உருட்டி வைத்தால் என்ன வாடையோ அதுதான். நான் அவனிடம் பேசவேண்டியதை நாற்காலிக்கு அந்தப் பக்கம் நின்றே பேசிக்கொண்டிருந்தேன்.

இப்படியே ஓடியிருக்கும். ஒருநாள் வக்கீலம்மா ஒருவர் பட்டறைக்கு வந்தார். அவருடைய சாய்வு நாற்காலிக்குப் புதுத் துணி அடித்துக் கொடுத்திருந்தோம். கையில் மடித்த ஒரு காகிதம்.

"பெரியவரே, உங்க பட்டறையில நாற்காலிக்குள்ள பஞ்சு மட்டுந்தான் வெப்பீங்களா, இல்ல வேற ஏதாவதும் வெப்பீங்களா?"

"சுத்தமான பஞ்சும்மா. இந்த ஊர்ல இன்னொருத்தன்கிட்ட..."

"அப்ப இது என்னன்னு சொல்லுங்க. முதுகுல குத்திக்கிட்டே இருந்துச்சு, தையலப் பிரிச்சுப் பாத்தேன்."

காகிதத்தைப் பிரித்தார். கறுப்பும் மஞ்சளுமாக, ஒரு பக்கம் குழி விழுந்த ஒரு துண்டு. எலிப்பல்லாக இருக்குமோ என்று குனிந்து பார்த்தேன். எலிக்கு ஏது அவ்வளவு பெரிய பல்? அதற்குள் பின்னாலிருந்து மைத்துனன் எட்டிப் பார்த்தான். பார்த்தவன் வாயெல்லாம் பல்லாக, இருந்த பல்லெல்லாம் தெரிய, சிரித்தான்.

"அட, இங்கயா கெடந்துச்சு! நான் முழுங்கிட்டேன்னுல்ல நெனச்சேன்."

இரண்டு விரலால் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வக்கீலம்மாவின் முகம் போன போக்கை எழுத எனக்குப் படிப்புப் போதாது. "அந்த நாற்காலிய நீங்களே வெச்சுக்குங்க" என்று மட்டும் சொன்னார். என் வாழ்நாளில் என் வாசலுக்குத் திரும்பி வந்த ஒரே நாற்காலி அதுதான்.

அன்று சாயங்காலம் மனைவியைக் கூட்டிக்கொண்டு நேராக அவன் வீட்டுக்குப் போனேன். சாப்பாட்டு நேரம். மேசையில் ஒரு தட்டு; அவன் மனைவி அதன் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். மைத்துனன் எங்கே என்று பார்த்தால், கொல்லைப்புற நடையில், துணி துவைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு, அதில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். நடுவில் கதவு சாத்தியிருந்தது.

"என்ன தங்கச்சி இது? வேலைக்காரனுக்குக்கூட இப்பிடிப் போடமாட்டாங்களே" என்றேன். மைத்துனன் மனைவி எனக்குத் தங்கை முறை.

அவள் எழுந்து நின்றாள். "அண்ணே, நான் கெட்டவ இல்ல. எதிர்ல உக்காந்து அவரு மெல்லும்போது எனக்குக் கொடலப் பெரட்டுது. சொல்லிப் பாத்தேன், அழுது பாத்தேன். போன வருஷத்துலேருந்து இப்பிடித்தான். நானா தள்ளி வெச்சேன்? அவரு வாயி தள்ளி வெச்சுது."

நடையிலிருந்து குரல் வந்தது. "நல்லாச் சொல்லு. நான் ஒண்ணும் வருத்தப்படல மாமா. இங்க காத்து நல்லா வருது."

ஆனால் அவன் கதவிடுக்கு வழியாக மேசையைப் பார்த்த பார்வையை நான் கண்டேன். கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம். பிள்ளை குட்டி இல்லை. அந்த வீட்டில் பேச்சும் சிரிப்பும் அந்த மேசையில்தான் நடந்துகொண்டிருந்தன. அதுவும் போய்விட்டால் பிறகு அவனுக்கு என்ன இருக்கிறது?

"நாளைக்குப் பல் டாக்டர்கிட்ட போறோம். இல்லன்னா பட்டறைப் பக்கம் தல காட்டாதே" என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் ஒருமுறை சொன்னால் சொன்னதுதான்.

பல் ஆஸ்பத்திரி ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில் இருந்தது. தங்கச்சியும் கூட வந்தாள். காத்திருக்கும் இடத்தில் போட்டிருந்த நாற்காலிகளைத் தடவிப் பார்த்தேன். மட்டமான ரெக்சின், உள்ளே காகிதக் குப்பை. டாக்டரம்மா சின்ன வயதுக்காரி, முகத்தில் மாஸ்க். அவனைப் படுக்கவைத்துப் பேனா மாதிரி ஒரு கேமராவை வாய்க்குள் விட்டாள். சுவரில் மாட்டியிருந்த டிவியில் அவன் வாய் வந்தது.

ஐயோ, என்னத்தைச் சொல்ல! ஒரு வாய், ஜன்னல் அளவுக்கு. சிவந்து வீங்கிய ஈறு, அழுத்தினால் ஓரத்தில் மஞ்சளாகக் கசிவு. பல்லிடுக்கில் நேற்றோ முந்தாநாளோ தின்ற கீரை, பாசி பிடித்த சாக்கடைக் கல்லில் ஒட்டினதுபோல். நடுப்பல் இரண்டும் கரையான் அரித்த கட்டை. ஓரப்பல் இரண்டும் இருந்த இடத்தில் இரண்டு கறுத்த முளைகள். தங்கச்சி எழுந்து வாயைப் பொத்திக்கொண்டு துப்புகிற தொட்டிக்கு ஓடினாள். நான் ஓடவில்லை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டை மனதால் அப்போதே ரத்து செய்துவிட்டேன்.

"படம் நல்லாத் தெளிவா இருக்குங்க" என்றான் படுத்திருந்தவன்.

டாக்டரம்மா பொறுமைசாலி. எல்லாரையும் உட்காரவைத்து விளக்கினாள். "மேல முன்னாடி நாலு பல்லு. ஓரத்துல ரெண்டும் வேர் மட்டுந்தான் மிச்சம், அத எடுத்துத்தான் ஆகணும். நடுவுல ரெண்டக் காப்பாத்தலாம். உள்ள இருக்குற அழுகல சுத்தம் பண்ணி அடைச்சு, மேல கேப் போட்டுடலாம். அந்தக் கேப்போடயே பக்கத்துல ஒவ்வொரு பல்ல ஒட்ட வெச்சுக்கலாம்."

"வேற வழி?" என்றேன். எந்தச் சாமானையும் முதலில் காட்டுகிற விலைக்கு வாங்குகிறவன் இல்லை நான்.

"நாலயும் எடுத்துட்டு, கழட்டி மாட்டுற செட் வெக்கலாம். இல்லன்னா, ரெண்டு பக்கமும் இருக்குற கோரப்பல்லத் தேச்சு, அதுமேல பாலம் மாதிரி பிரிட்ஜ் கட்டிடலாம், அது கழட்ட வராது. இன்னொண்ணு, எலும்புக்குள்ள ஸ்க்ரூ எறக்கி அதுமேல பல்லு வெக்கிறது."

"ஸ்க்ரூவே போடும்மா. இருக்குறதுல ஒசந்தது எதுவோ அது. செலவு என்னோடது."

"இப்ப முடியாதுங்க ஐயா. ஈறு பூரா சீழ், எலும்பும் கரைஞ்சிருக்கு. ஸ்க்ரூ நிக்காது."

இதை எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டாம். உளுத்த மரத்தில் திருகாணி நிற்காது. சரி என்றேன்.

மைத்துனன் எழுந்து உட்கார்ந்தான். அவனுக்குக் கேட்க ஒரே கேள்விதான் இருந்தது. "இதுல எதுல ஆணி புடிக்கலாம் டாக்டரம்மா?"

"எதுலயும் கூடாது. ஆணியும் கூடாது, மிட்டாயும் கூடாது."

"கழட்டுற செட்டுன்னா? வேலை நேரத்துல கழட்டி வெச்சுட்டு, ஈறால..."

"ராத்திரி எங்க வெப்பீங்க அத?" என்றாள் தங்கச்சி.

"தண்ணியில போட்டு வெக்கணும்" என்று டாக்டரம்மா சொன்னாள். "ஒரு டம்ளர்ல."

"என் வீட்டு டம்ளர்லயா? தலமாட்டுல பல்லு என்னப் பாத்து இளிச்சுக்கிட்டுக் கெடக்க, நான் பக்கத்துல தூங்கணுமா? வேணவே வேணாம் சாமி."

இருக்கிற பல்லைக் காப்பாற்றிக் கேப் போடுவது என்று முடிவானது. 'கேப் போட்டு முடியட்டும், மேசைக்கு வரலாம்' என்று தங்கச்சி வாக்குக் கொடுத்தாள். முளைகள் இரண்டும் வெளியே வந்தன. ஒன்றை இடுக்கியில் பிடித்து டாக்டரம்மா காட்டினாள்; நான் கூரையைப் பார்த்துக்கொண்டேன். நடுப்பல்லுக்கு வேர் சுத்தம் செய்து, ஒரிஜினல் வருகிறவரைக்கும் என்று தற்காலிகமாக இரண்டு கேப் மாட்டிவிட்டாள். பார்க்க வெள்ளையாக, சுத்தமாக இருந்தது. எனக்கே கொஞ்சம் நிம்மதி.

பட்டறையில்தான் சனி பிடித்தது. விரலால் ஆணி எடுத்து அடிக்க அவனுக்கு வரவில்லை. பெருவிரலை அடித்துக்கொண்டான், துணி கோணியது. ஆணிக்குப் பதிலாகக் காற்றழுத்தத்தில் ஸ்டேப்பிளர் பின் அடிக்கிற பின் துப்பாக்கி ஒன்று வாங்கி மாட்டியிருக்கிறேன், மற்றவர்கள் எல்லாம் அதில்தான் அடிக்கிறார்கள். அவன் அதைத் தொடமாட்டான். தும்மல் மெஷின் என்று அதற்குப் பெயர் வேறு வைத்திருந்தான். தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"என்ன ஆணிவாயரே, ஒவ்வொரு ஆணியையும் பொண்ணு அழைக்கிற மாதிரி கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறீங்க?"

"ஒன் வேலையப் பாருடா."

"வாயில்லாப் பூச்சி ஆயிட்டீங்களே, அத நெனச்சேன்."

பட்டறையே சிரித்தது. அவனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. முப்பது வருஷம் எல்லாரையும் முந்தியவன் பின்னால் விழுந்தால் சும்மா இருப்பானா?

சில நாள் கழித்து அவன் பக்கத்தில் போனேன். பழைய நாற்றம் இல்லை. வேறொரு நாற்றம். ரெக்சின் ஒட்டுகிற சொல்யூஷன் டின்னைத் திறந்தால் மூக்கில் ஏறுமே, அது. அதற்கு அடியில் இனிப்பான ஒரு அழுகல்.

"வாயத் தொற."

"ஒண்ணுமில்ல மாமா."

"தொறடா!"

திறந்தான். இடதுபக்கக் கேப் கோணலாக உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் பசை வழிந்து, காய்ந்து, சளி மாதிரித் தொங்கியது. ஈறு எலுமிச்சங்காய் அளவுக்கு வீங்கிப் பளபளவென்றிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் நுனியிலிருந்து ஒரு சொட்டு இறங்கியது.

மறுபடி ஆணி பிடித்திருக்கிறான். கேப் ஆணியோடு சேர்ந்து கையில் வந்துவிட்டது. டாக்டரம்மா திட்டுவாள் என்று பயந்து, நம் டின்னிலிருந்து ஈர்க்குச்சியால் தொட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறான்.

"நம்ம சொல்யூஷன் மாமா. தோலையும் மரத்தையும் புடிக்குது, பல்லப் புடிக்காதா? நீங்கதானே வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்வீங்க, நம்ம ஒட்டு உசுரு போனாலும் விடாதுன்னு."

விடவில்லைதான். டாக்டரம்மா அதைச் சுரண்டி எடுக்க அரை நாள் பிடித்தது. சீழை வெளியேற்றினாள், மாஸ்க்குக்கு மேல் இன்னொரு மாஸ்க் போட்டுக்கொண்டதை நான் கவனித்தேன். ஆணியைக் கடித்ததில் ஒரு பல்லின் வேர் வெடித்துவிட்டது, பக்கத்துப் பல்லையும் சீழ் தின்றுவிட்டது. இரண்டையும் எடுத்தாள். காப்பாற்றலாம் என்ற வழி அத்தோடு அடைபட்டது. இனிக் கழற்றி மாட்டும் செட், அல்லது பிரிட்ஜ். ஈறு ஆறட்டும், இரண்டு மாதம் யோசித்து வாருங்கள் என்று அனுப்பினாள்.

தங்கச்சி வீட்டுக்குப் போய் முக்காலியைத் துடைத்து நடையில் போட்டாள் என்று என் மனைவி சொன்னாள்.

அந்த இரண்டு மாதத்தில் மனுஷன் திருந்தியிருக்கவேண்டும். ஈறு இறுகியதும் இவன் என்ன கண்டுபிடித்தான் தெரியுமா? மேலுதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் ஆணியை நிறுத்தலாம் என்று. உதடு குவிந்து, முட்டையிடும் கோழியின் பின்துளை மாதிரிப் பிதுங்க, அதிலிருந்து எச்சில் நூலோடு ஆணி வரும். நான் அந்த மூலைப் பக்கமே பார்க்காமல் இருந்தேன். எத்தனை முறை திட்டுவது? எருமை மேல் பெய்த மழை.

ஒருநாள் தையல்காரன் ஏதோ நையாண்டி செய்தான். இவன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

"என்ன மச்சான்?" என்றேன்.

"போயிருச்சு மாமா."

"என்ன போயிருச்சு?"

தொண்டையைத் தொட்டுக் காட்டினான். கண் இரண்டும் வெளியே வந்திருந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அள்ளிக்கொண்டு ஓடினோம். எக்ஸ்ரேயில் வயிற்றுக்குள் ஆணி வெள்ளையாக, தெளிவாகத் தெரிந்தது. நம் சரக்கு, தட்டைத் தலை, பார்த்ததும் தெரிந்துகொண்டேன். அங்கிருந்த டாக்டர் சொன்னார்: "கீழ எறங்கிடுச்சு, பெரும்பாலும் தானா வந்துடும். தெனமும் வந்து படம் எடுங்க. வயிறு வலிச்சா, ரத்தம் வந்தா, அந்த நிமிஷமே வரணும். வெளிய போறதையும் கவனிச்சுப் பாருங்க."

"எதக் கவனிக்கணும்?" என்று கேட்டாள் தங்கச்சி.

டாக்டர் மறுபடி சொன்னார். தங்கச்சி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

மூன்று நாள் பட்டறையில் யாருக்கும் வேலை ஓடவில்லை. அதே சமயம் என் காந்தச் சுத்தியலையும் காணோம். வேறு யாரும் தொடக்கூடாத சுத்தியல் அது, பிடி என் உள்ளங்கைக்கென்றே தேய்ந்தது. பட்டறையைத் தலைகீழாகப் புரட்டினேன். நான்காம் நாள் காலை மைத்துனன் வந்தான், மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டு. கையில் என் சுத்தியல்.

"வந்துருச்சு மாமா! கையால எங்க தேடுறது, என்னத்தன்னு தேடுறது? ஒரு யோசன பண்ணேன். நம்ம காந்தத்த விட்டேன், டக்குனு புடிச்சுது."

சுத்தியலை மேசையில் வைத்தான். "நல்லாக் கழுவிட்டேன்."

தையல்காரன் மெஷினைவிட்டு எழுந்து வெளியே போனான். நான் கேட்டேன், "ஆணி எங்கடா?"

"டப்பாவுல போட்டுட்டேன். வளையக்கூட இல்ல மாமா, நல்ல ஆணி."

காகிதத்தில் சுற்றிச் சுத்தியலை எடுத்தேன். ஆணி டப்பாவையும் எடுத்தேன். இரண்டையும் தெருக்கோடிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து, முழங்கை வரை மூன்று தரம் சோப்புப் போட்டேன். அதற்கு முன்பும் பின்பும் நான் ஒரு கருவியைத் தூக்கி எறிந்ததில்லை.

அன்று மத்தியானம் தங்கச்சி பட்டறைக்கு வந்தாள். அதுவரை அவள் வாசல் மிதித்ததில்லை. சண்டை போடப்போகிறாள் என்று எல்லாரும் கருவிகளைக் கீழே வைத்தார்கள். அவள் குரலே உயரவில்லை.

"நாத்தத்துக்குக் கதவச் சாத்திக்கலாம். மூணு நாளா கக்கூஸ் வாசல்ல நின்னு, வந்துச்சா, வந்துச்சான்னு கேக்க வெச்சீங்களே. அது உள்ள கிழிச்சிருந்தா? அப்புறம் நான் யாருகூட சண்ட போடுறது? யாருக்குக் கதவச் சாத்துறது?"

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. உதட்டை மூடிக்கொண்டு தலை குனிந்துகொண்டான்.

இரண்டு மாதம் முடிந்ததும் மறுபடி மாடியேறினோம். டாக்டரம்மா மாதிரிகளை எடுத்து வைத்தாள். கழற்றி மாட்டும் செட்: வேகாத கறி நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் அண்ணம், ஓரத்தில் கம்பிக் கொக்கிகள், கவிழ்த்த நண்டு மாதிரி. என் கையில் கொடுத்தாள். உடனே திருப்பிக் கொடுத்தேன். பிரிட்ஜ் பார்க்கக் கொஞ்சம் கௌரவமாக இருந்தது. ஆனால் அதற்கு நல்ல கோரைப்பல் இரண்டையும் முளைக்குச்சி மாதிரித் தேய்க்கவேண்டும்.

எனக்குத் தெரியும் அவன் எதைக் கேட்பான் என்று. கழற்றுவதைக் கேட்பான். வீட்டுக்குப் போகும்போது மாட்டிக்கொள்வான், பட்டறைக்கு வந்ததும் கழற்றி ஏதாவது பஞ்சுக்குள் சொருகிவிட்டு ஆணியை அள்ளிப் போட்டுக்கொள்வான். ஈறு கெட்டியாகிவிட்டது, இனி முழுங்கமாட்டேன் என்று சொல்வான்.

அவன் மனைவியைப் பார்த்தான். "ஒனக்கு எது புடிச்சிருக்கு?"

"எனக்கென்ன. வெச்சுக்கிட்டு இருக்கப்போறது நீங்க."

மாதிரிகள் இரண்டையும் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். செட்டை ஒருமுறை உதட்டருகே கூடக் கொண்டுபோனான். பிறகு அதைத் தட்டில் வைத்துத் தள்ளிவிட்டான்.

"கழட்ட முடியாததப் போடுங்க டாக்டரம்மா. கழட்ட முடிஞ்சா நான் கழட்டிருவேன். என்னப் பத்தி எனக்குத் தெரியும்."

முப்பது வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் உருப்படியான பேச்சு.

கோரைப்பல்லைத் தேய்க்கும்போது நான் பக்கத்திலேயே இருந்தேன். பொசுங்கின கொம்பு வாடை, வெள்ளை மாவு கலந்த எச்சில், உறிஞ்சு குழாயின் கொர்கொர் சத்தம். எல்லாவற்றையும் சகித்தேன். என்னைத் தவிர வேறு யாராலும் முடிந்திருக்காது.

பிரிட்ஜ் ஒட்டியபின் பட்டறையில் பின் துப்பாக்கியைக் கையில் எடுத்தான். ஒவ்வொரு அடிக்கும் கண்ணை மூடிக்கொள்கிறான். அவனைவிட வயதில் பாதியாக உள்ளவன் இப்போது அவனைவிட வேகமாக அடிக்கிறான். இன்னும் வேலை நடக்கும்போது அவன் கன்னம் உப்புகிறது, உள்ளே ஒன்றுமில்லாமல் நாக்கு மட்டும் புரண்டுகொண்டிருக்கிறது. பார்க்கச் சகிக்காது. நான் ஒன்றும் சொல்வதில்லை.

போன வாரம் எங்களை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். மேசையில் நாலு தட்டு. அவனுடையது தங்கச்சிக்கு நேர் எதிரில். அவன் உட்காருவதற்கு முன்னால் நாற்காலியை இரண்டு தரம் நகர்த்திச் சரிபார்த்தான், அது தன்னுடையதுதானா என்று பார்க்கிறவன்போல். எல்லாரும் சாப்பிட்டோம். பேச்சு நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. நடுவில் பிரிட்ஜுக்கு அடியில் ஒரு இறைச்சி நார் மாட்டிக்கொண்டது. நாக்கால் துழாவினான், விரலை விட்டுப் பார்த்தான். பிறகு சட்டைப்பையிலிருந்து பாட்டில் கழுவுகிற பிரஷ் மாதிரி குட்டியாக ஒன்றை எடுத்து, மேசையிலேயே, சோற்றுத் தட்டுக்கு மேலேயே, வாயை ஆவென்று திறந்துகொண்டு தேய்க்க ஆரம்பித்தான்.

"டேய்!" என்றேன்.

"டாக்டரம்மா சாப்பிட்டதும் உடனே தேய்க்கச் சொன்னாங்க மாமா" என்றான், பிரஷை எடுக்காமலே. நார் வெளியே வந்து பிரஷ் நுனியில் ஆடியது.

நான் பாதிச் சாப்பாட்டில் கையை உதறிவிட்டு எழுந்துவிட்டேன். என் மனைவியும் தட்டைத் தள்ளினாள். தங்கச்சி மட்டும் எழுந்திருக்கவில்லை. முழங்கையை மேசையில் ஊன்றி எட்டி அவன் வாய்க்குள் பார்த்தாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு. அங்க இல்ல, இடப்பக்கம், இன்னும் உள்ள" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாய்ச் சோற்றைப் பிசைந்து போட்டுக்கொண்டாள்.